நான் போடாத சாபம்

கட்டுகஸ்தோட்டை,
18.2.1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் படலையைத் திறந்தேன். பால்காரர் வரும் நேரம். வெளியே எங்கள் தையல் மெஷின் நின்றது. மேல்மூடி இல்லை, கால்மிதியில் ஆற்று மணல் ஒட்டியிருந்தது. ஆனால் அது என்னுடையதுதான். யசோதா சின்ன வயதில் ஆணியால் கீறிய பூ பலகையில் அப்படியே இருக்கிறது. போன ஜூலையில் எங்கள் வீட்டுக்குள் புகுந்து தீ வைத்தவர்கள் தூக்கிக்கொண்டு போனதை யாரோ சத்தமில்லாமல் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

சுகம் விசாரிக்காமல் தொடங்கிவிட்டேன், கோபிக்காதீர்கள். நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே இவர், மகள் யசோதா, நான் மூவரும் சுகம். திருத்திய அறைகளில் மழை ஒழுகவில்லை. புகை மணம் மட்டும் சுவரை விட்டுப் போக மறுக்கிறது.

மெஷின் ஏன் வந்தது என்பதைப் பக்கத்து வீட்டு ரபீகாதான் விசாரித்து வந்து சொன்னாள். கலவர நாட்களில் எங்களைத் தன் மேல்மாடியில் ஒளித்து வைத்தவள் அவள்தான். நேற்று யசோதாவின் பிறந்த நட்சத்திரம். மாத்தளை அம்மனுக்கு அர்ச்சனை செய்யலாமென்று எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கையின் முகப்புக் கடையில் ஒரு குடுமித் தேங்காய் வாங்கினேன். எங்கே கொண்டு போகிறீர்கள் என்று கடைக்காரி சிங்களத்தில் கேட்டாள். அம்மன் கோயிலுக்கு என்றேன். அவள் முகம் மாறியதைக் கண்டேன், ஆனால் காரணம் விளங்கவில்லை.

நமக்குக் கோயிலில் தேங்காய் உடைப்பது நல்ல காரியம். இங்குள்ள சிங்களச் சனத்துக்கு, பறிகொடுத்தவள் ஒருத்தி தேங்காயோடு அம்மனிடம் போனாள் என்றால் அர்த்தம் வேறு. எடுத்தவன் தலை இப்படிச் சிதறட்டும் என்று சாபம் போட்டு உடைக்கிற தேங்காய் அது. களவு போனால் அவர்களே போய் அப்படி உடைப்பார்கள். வெள்ளிக்கிழமை, ஈரத் தலை, கையில் தேங்காய், மாத்தளை பஸ். பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுவதற்கும் செய்தி போய்விட்டது.

“டீச்சர், எங்கட வாப்பாட குடை ஒண்டும் காணாமப் போயி ஈக்கிது. அதுக்கும் ஒரு தேங்கா ஒடச்சி வுடுங்களேன்” என்று ரபீகா சிரிக்கிறாள்.

போன ஜூலையில் தன் தேரை எரித்தவர்களையே ஒன்றும் செய்யாத அம்மன் என் தையல் மெஷினுக்காக எழும்பி வருவாளா? ஆனாலும் மெஷின் வந்திருக்கிறது. நீங்கள் சட்டம் படித்தவர். இதை என்னவென்று சொல்வீர்கள்?

அண்ணிக்கு என் அன்பு.

பத்மா


கொக்குவில்,
4.3.1984

அன்புத் தங்கை பத்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உறையை யாரோ பிரித்து மீண்டும் ஒட்டியிருந்தார்கள், அதனால் தாமதம் என்று நினைக்கிறேன். உன் அண்ணிக்கு முழங்கால் வலி. மற்றப்படி குறையில்லை.

உன் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு. இத்தனை வருடம் கோட்டில் வழக்குப் பேசி நான் கற்றது இதுதான். தண்டனை எவ்வளவு பெரிது என்று குற்றம் செய்கிறவன் பார்ப்பதில்லை. அது தன்னைத் தேடி வருமா என்றுதான் பார்க்கிறான். ஊரடங்கு, கண்டவுடன் சுட உத்தரவு என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் உன் வீட்டை எரித்தார்கள். சுடமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அம்மன் விடமாட்டாள் என்று அதே ஆட்கள் நம்புகிறார்கள். அதனால் மெஷின் வந்தது.

ஆகவே ஒருவருக்கும் விளக்கம் சொல்லப் போகாதே. மறுக்காதே. அந்தப் பயம் உனக்குப் பொலிஸைவிட நல்ல காவல்.

இங்கேயும் அதைத்தான் காண்கிறேன். போன மாதம் இயக்கப் பெடியள் ஒரு கள்ளனைச் சந்தியில் மின்கம்பத்தோடு கட்டிச் சுட்டு, கழுத்தில் அட்டை மாட்டிவிட்டுப் போனார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. முறை பிழை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இப்போது சந்தைக்கு வெளியே பூட்டாத சைக்கிள்கள் நிற்கின்றன.

உன் வீடு எரிந்தபோது நீ ரபீகா வீட்டிலிருந்து யாரைக் கண்டாய் என்று இன்னும் எனக்கு எழுதவில்லை. எழுது.

அம்பிகைபாகனையும் யசோதாவையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
யோகேந்திரன்


கட்டுகஸ்தோட்டை,
25.3.1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா? குளிர் இல்லாத ஊரில் இருந்துகொண்டு அவருக்கு ஏன் இந்த வலி? இங்கே எங்களுக்கு உடம்பில் ஒரு குறையுமில்லை.

நான் கண்டது சோமபாலவை. எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு. பாலத்தடியில் மணல் ஏற்றும் லொறி ஓட்டுகிறவன். ரபீகாவின் ஜன்னல் பலகையில் ஒரு வெடிப்பு இருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன். மண்ணெண்ணெய்த் தகரம் அவன் கையில் இருந்தது. அவனுக்குக் கோபம் வந்திருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவனோடு ஏதோ பகிடி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். வீதியில் ஆமி ஜீப் ஒன்று போனது. தகரத்தைக் கூட அவன் மறைக்கவில்லை. நீங்கள் எழுதியது சரி.

மற்றச் சாமான்களும் வருகின்றன. குத்துவிளக்கு சாக்கில் சுற்றி மதிலோரம் கிடந்தது. குசினி ஏதனங்கள், சட்டி பானையெல்லாம், கழுவித் துடைத்து வந்தன. ஒருவரும் நேரில் வருவதில்லை. கடையில் நான் போய் நின்றால் பெண்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள். கடைக்காரி நல்ல அரிசியை எனக்கென்று உள்ளேயிருந்து எடுத்துத் தருகிறாள்.

நீங்கள் சொன்னபடி நான் மறுக்கவில்லை. ஒன்றை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஜூலைக்குப் பிறகு இந்த ஒழுங்கையில் தலைகுனிந்து நடந்தவள் நான். இப்போது நிமிர்ந்து நடக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள், சாபத்தில் நம்பிக்கை இல்லாதவள், அதன் நிழலில் சுகமாக நடக்கிறேன்.

இவருக்கு இது பிடிக்கவில்லை. “பயந்த சனத்துக்குப் பக்கத்திலை இருக்கிறது நல்லதில்லை, பத்மா” என்கிறார்.

அன்புத் தங்கை,
பத்மா


கொக்குவில்,
15.4.1984

அன்புத் தங்கை பத்மாவுக்கு,

புதுவருட வாழ்த்துகள். கைவிசேஷக் காசு தர நீங்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்று அண்ணி கவலைப்பட்டாள்.

அம்பிகைபாகன் வீண் பயம் கொள்கிறார். நீ இருப்பதுபோலவே இரு.

என் சைக்கிள் களவு போய்விட்டது. வருடப்பிறப்புக்கு முந்தின நாள் அது காணாமற்போனது எனக்கே வேடிக்கை, பூட்டாத சைக்கிள் பற்றி உனக்கு எழுதியவன் நான்தானே. யார் என்று ஓரளவு தெரியும். சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நடராஜா. போன கிழமை ரியூப் ஒட்டக் கொடுத்தபோது பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு பெடியள் வீட்டுக்கு வந்து ஐயா என்று மரியாதையாகக் கேட்டார்கள். பெயரைச் சொன்னேன். வெருட்டி விட்டால் போதும் என்றும் சொன்னேன்.

யசோதாவின் படிப்பைக் கவனி.

அன்புடன்,
யோகேந்திரன்


கட்டுகஸ்தோட்டை,
6.5.1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் இருவரும் நலம்தானே? சைக்கிள் கிடைத்ததா? நடராஜா என்ன சொன்னான்? வெருட்டினார்கள் என்றால் எப்படி வெருட்டினார்கள் என்று எழுதுங்கள். அந்தக் கடிதத்தை வாசித்த நாளிலிருந்து எனக்கு ஏனோ மனம் சரியில்லை.

இங்கேயும் ஒரு கரைச்சல். சோமபாலவின் மகளுக்குச் சுகமில்லை. நிலந்தி, இன்னும் பள்ளிக்குப் போகாத பிள்ளை. முதலில் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து மாறியதாம். இப்போது காலையில் முகம் வீங்கியிருக்கிறதாம். அவன் மனைவி மாலினி நேற்று எங்கள் வீட்டுக்கு வந்தாள். யசோதாவின் பழைய வெள்ளிக் கொலுசு ஒன்றைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து கதிரையில் வைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்தாள். அவள் பேசியது சிங்களத்தில். எனக்குக் கேட்டபடி எழுதுகிறேன்.

“எடுத்ததெல்லாம் குடுத்தாச்சு டீச்சர். இனி ஒண்டும் இல்லை. எடுத்துப்போடுங்க.”

எதை எடுக்க என்று எனக்குத் தெரியும். இருந்தும் கேட்டேன். அவள் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்துவந்து அவளருகில் இருந்து, மகளின் பிறந்த நாளுக்குத்தான் கோயிலுக்குப் போனேன், ஒரு சாபமும் போடவில்லை என்று சொன்னேன். அவள் முகம் இறுகிவிட்டது.

“போட்ட ஆள் போட்டதெண்டு சொல்லுமா?” என்றாள். பிறகு, “ஒழுங்கையே பயந்து சாமான் கொண்டுவந்து வைக்கேக்கை நீங்க ஏன் இல்லையெண்டு சொல்லேல்லை?” என்றாள்.



ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றேன். சாபம் நிற்கும்போது ஊசி ஏறினால் உயிர் போய்விடும் என்று பேயோட்டுகிறவர் சொல்லியிருக்கிறாராம். அவள் மாமியாரும் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம். முதலில் நான் சாபத்தை எடுக்க வேண்டும். பிறகுதான் ஆஸ்பத்திரி.

உடனே பதில் எழுதுங்கள்.

பத்மா


கட்டுகஸ்தோட்டை,
3.6.1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு என்று செய்தியில் கேட்டோம். சுகமாக இருக்கிறோம் என்று ஒரு வரி போட்டால் போதும்.

புத்தருடைய வெசாக் பண்டிகை முடிந்து ஒழுங்கையில் தோரணங்களைக் கழற்றிவிட்டார்கள். சோமபால வீட்டில் மட்டும் இந்த முறை ஒரு வெளிச்சக்கூடும் கட்டவில்லை. பிள்ளைக்கு இப்போது காலும் வீங்கிவிட்டது. குடும்ப நல மருத்துவிச்சி வந்து என்னிடம் சொன்னாள். அவளையும் மாமியார் வாசலோடு திருப்பிவிட்டாள். இடையில் நான் இரண்டு தரம் போய், சாபம் இல்லை, இல்லை என்று சொன்னேன். ஒவ்வொரு தரமும் நான் எடுக்க மறுப்பதாகத்தான் அவர்களுக்குக் கேட்கிறது.

வெள்ளிக்கிழமை நான் பள்ளியால் வந்து இறங்கியபோது சோமபால எங்கள் படலைக்கு எதிரே நின்றான். படலையில் கை வைக்கவில்லை. ஒரு முழம் தள்ளியே நின்றான். குடித்திருக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“பிள்ளைக்கு ஒண்டு நடந்தா டீச்சர், இந்த முறை அந்த மேல்மாடியிலயும் ஒளிக்க இடம் இராது” என்றான்.

நாங்கள் எங்கே ஒளிந்திருந்தோம் என்று அவனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் என் நிழல் தன்மேல் படாமல் அவன் பின்னுக்கு நகர்ந்தான். ஜீப்புக்கு முன்னால் தகரத்தை மறைக்காதவன் என் நிழலுக்கு ஒதுங்குகிறான். நீங்கள் எழுதிய காவல் இதுதானா, அண்ணா? என்னைக் கண்டு பயப்படுவதால்தான் அவன் இப்போது என்னை எரிக்கக்கூடியவனாக இருக்கிறான். ஜூலையில் அவனுக்கு எங்கள் மேல் இப்படி ஒரு காரணம் இருக்கவில்லை.

இவரிடம் சொன்னேன். ரபீகாவிடமும் சொன்னோம். அவள் பகிடி விடுவதை நிறுத்திவிட்டாள். “நாங்க எங்க போற டீச்சர்? எங்கட ஊடும் இங்கதானே ஈக்கிது” என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் கேட்கிறபடி, எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன என்று இவரைக் கேட்டேன்.

“நீர் வாயே திறக்கப்படாது” என்றார். “எடுத்தன் எண்டு சொன்னால் போட்டனான் எண்டுதானே அர்த்தம்? பிறகு பிள்ளை ஆஸ்பத்திரியிலை செத்தால்? தமிழ் ரீச்சர் சாபம் போட்டுக் கொண்டுபோட்டாள் எண்டு உம்மட வாயாலையே ஊருக்குச் சொன்ன மாதிரி.”

அவர் சொல்வது நியாயம். இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அதுவரை யசோதாவைக் கலஹாவில் இவருடைய சிநேகிதர் ராஜலிங்கம் வீட்டில் விட்டிருக்கிறோம்.

நடராஜாவைப் பற்றி நீங்கள் இன்னும் எழுதவில்லை.

பத்மா


கொக்குவில்,
12.6.1984

அன்புத் தங்கை பத்மாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் பிரார்த்திக்கிறோம். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. சைக்கிள் கிடைத்துவிட்டது. இங்கே மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. தோட்டத்து வாழை இரண்டு குலை தள்ளியிருக்கிறது.

நீ கேட்டதற்கு என்னிடம் புத்தி சொல்ல ஒன்றுமில்லை. முன்பு எழுதியவற்றை மனதில் வைத்துக்கொள்ளாதே.

யோகேந்திரன்


கொக்குவில்,
14.6.1984

அன்புள்ள மச்சாள் பத்மாவுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். உங்கள் அண்ணாவின் கடிதத்தை நான்தான் தபாலில் போட்டேன். ஒட்டுவதற்கு முன் வாசித்தேன். அவர் எழுதாததை நான் எழுதுகிறேன். அவருக்குத் தெரியாது.

நடராஜாவைச் சித்திரை முடிவதற்குள் கம்பத்தில் கட்டிவிட்டார்கள். வெருட்டவில்லை. அவன் பெண்சாதி விடியற்காலை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, ஐயா ஒரு வார்த்தை சொன்னால் விடுவார்கள் என்று கத்தினாள். இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினார். சந்திக்குப் போகும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

சைக்கிளை ஒருவரும் எடுக்கவில்லை, பத்மா. வருடப்பிறப்புக்கு முந்தின நாள் மழைக்கு இவர் அதைக் கந்தோர் வாசலில் விட்டுவிட்டு, யாரோ ஒருவரின் காரில் வீட்டுக்கு வந்திருக்கிறார். கந்தோர்ப் பியோன் அதை நனையாமல் எடுத்துத் தன் கொட்டிலில் பூட்டிவிட்டு லீவில் ஊருக்குப் போய்விட்டான். வைகாசியில் திரும்பி வந்து, துடைத்து எண்ணெய் போட்டுக் கொண்டுவந்து தந்தான்.

இவர் இப்போது கோட்டுக்குப் போவதில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் இருந்துவிட்டு எழும்பிவிடுகிறார். ஒழுங்கையில் களவு இல்லைத்தான். ஒருவரோடு ஒருவர் பேசுவதும் இல்லை. நடராஜா பெண்சாதி தினமும் எங்கள் வீட்டைக் கடந்துதான் தண்ணிக்குப் போகிறாள். அவள் வரும் நேரம் இவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறார்.

நீங்கள் அவரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
கமலாசனி


கட்டுகஸ்தோட்டை,
1.7.1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். வாழை குலை தள்ளியது சந்தோஷம். நான் கேட்டவற்றுக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். சாப்பிடுங்கள். வேறொன்றும் இப்போது கேட்கமாட்டேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இவர் கலஹாவுக்கு யசோதாவைப் பார்க்கப் போயிருக்கிறார். அவர் போன பிறகு சோமபால வீட்டின் பின்பக்கமாகப் போனேன். லொறி நிற்கவில்லை. மாமியார் பன்சலையில் புத்தரைக் கும்பிடப் போயிருந்தாள். மாலினி குசினி வாசலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தை மூடினாள். நான் கிட்டப் போகவில்லை. அங்கேயே நின்று, சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டேன். கொஞ்சமாகத்தான் போகிறது, தேநீர்ச் சாயம் போல என்றாள்.

இதை நான் வருடா வருடம் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பிக்கிறேன். தொண்டை நோவுக்குப் பிறகு சிறுநீரகம் பழுதாகிறது. நேரத்தோடு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தால் அனேகமான பிள்ளைகள் தப்பிவிடும். அனேகமான என்ற சொல்லை அங்கே நின்றபடி நினைத்துக்கொண்டேன். இந்தப் பிள்ளை இரண்டு மாதமாக வீங்கியிருக்கிறது. தப்பும் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

சேலை விலகியபோது அது என்னைப் பார்த்தது. கண் பாதிதான் திறக்கிற வீக்கம். அதுவும் என்னைக் கண்டு பயப்படுகிறது, அண்ணா. யாரோ அதற்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தேன். இவர் சொன்னதை எத்தனை தரம் திருப்பிப் பார்த்தாலும் அதில் பிழை இல்லை. நான் வாய் திறந்த பிறகு பிள்ளை செத்தால், இந்த ஒழுங்கையில் ஒருவரும் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. சோமபாலவுக்கு இனி ஆட்களைத் தேடிப் போகவும் வேண்டியதில்லை. ரபீகாவின் வீட்டையும் விடமாட்டார்கள். நான் பேசாமல் இருந்து, இடமாற்றக் கடிதமும் வந்துவிட்டால், நாங்கள் தப்பிவிடலாம். பிள்ளை தப்பாது.

உண்மையைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். மாலினிக்கு அது உதவவில்லை. அவள் கேட்பது ஒரு பொய். அந்தப் பொய்யைச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். இவ்வளவு மாதமும் வாய் மூடியிருந்து அதைப் பாதி சொன்னவளும் நான்தானே.

நாளை பள்ளிக்கு லீவு போடுகிறேன். இவர் காலை பஸ்ஸுக்குக் கந்தோர் வேலைக்குப் போய்விடுவார். அதன் பிறகு முன்வாசலாலேயே போகிறேன். மாமியாரும் இருக்க வேண்டும். சோமபாலவும் இருந்தால் நல்லது. ஓம், அன்றைக்கு நான்தான் உங்கள் வீட்டுக்குச் சாபம் போட்டேன், இன்று எடுத்துவிட்டேன், இனி ஊசி ஏறலாம் என்று சிங்களத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லப் போகிறேன். பிள்ளையை அவர்கள் தூக்கட்டும். கண்டி ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போய் வார்டில் இருப்பேன், என்ன நடந்தாலும்.

இவருக்குச் சொல்லவில்லை. ரபீகாவுக்கும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேரும்போது தடுக்க ஒன்றும் மிஞ்சியிராது.

அண்ணியின் முழங்காலைக் கவனியுங்கள்.

உங்கள் தங்கை,
பத்மா